பிசுபிசுக்கும் காற்றுப் படகு: துடைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சுருட்டி வைத்த காற்றடைக்கும் டிங்கிப் படகை இரண்டு கோடை கழித்து வெளியே எடுக்கிறீர்கள். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. பிரித்தால் பழைய ஸ்டிக்கரை உரிப்பது போலச் சத்தம் வருகிறது. கை வைத்த இடத்தில் ரேகை பதிகிறது. தூசியும் பூச்சி இறகும் படிந்து, சாம்பல் நிறப் படகு அழுக்குப் பழுப்பாகிவிட்டது. காற்றடித்தால் நிற்கிறது, மிதக்கவும் செய்யும். உட்காரத்தான் மனம் வராது.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, கைக்குக் கிடைத்த தின்னரையோ பெட்ரோலையோ துணியில் நனைத்துத் தேய்ப்பது. பத்து நிமிடம் சுத்தமாகத் தெரியும். மறுநாள் முன்பைவிட அதிகமாக ஒட்டும். பிசுபிசுப்பு என்று ஒரே பெயரில் நாம் சொல்வது உண்மையில் நான்கு வெவ்வேறு கோளாறுகள். நான்குக்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு விஷம். அதனால் பாட்டிலைத் திறப்பதற்கு முன், ஒட்டுவது எது, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி.

முதலில், உங்கள் படகு எதனால் ஆனது?

காற்றுப் படகுகளை எல்லோரும் ரப்பர் படகு என்றே சொல்கிறோம். இன்றைய சிறிய டிங்கிகளில் பெரும்பாலானவை ரப்பரே அல்ல. பாலியஸ்டர் நெசவுத் துணியின் இரு பக்கமும் பி.வி.சி. பூசிய தாள். விலை கூடிய படகுகளில் ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் வெளிப்பக்கமும், நியோப்ரீன் என்ற இன்னொரு செயற்கை ரப்பர் உள்பக்கமும் இருக்கும். ஹைப்பலான் என்பது டுபான்ட் நிறுவனம் வைத்த வணிகப் பெயர். அந்த நிறுவனம் 2010-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. சி.எஸ்.எம். என்ற பொதுப் பெயரில் அதே வகை ரப்பரைப் பிறர் செய்கிறார்கள்; பழக்கத்தில் ஹைப்பலான் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, வால்வைக் கழற்றி அந்தத் துளை வழியாக டியூபின் உள்பக்கத்தைப் பார்ப்பது. வெளியே உள்ள அதே நிறமும் வழவழப்பும் உள்ளேயும் இருந்தால் அநேகமாகப் பி.வி.சி. உள்பக்கம் வேறு நிறமாக, மங்கலான கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருந்தால் ஹைப்பலான் என்று கொள்ளலாம். இன்னும் சந்தேகம் இருந்தால், கண்ணில் படாத ஓர் ஓரத்தில் நைஸ் உப்புத்தாளால் நான்கு தேய் தேயுங்கள். ஹைப்பலான் மாவு போலத் தூள் விடும். பி.வி.சி. தூள் விடாமல் கீறல் மட்டும் விழும். ஒரு துண்டைக் கொளுத்தி மோந்து பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். எரியும் பி.வி.சி.யிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலை அரிக்கும்.

பி.வி.சி. ஏன் ஒட்டத் தொடங்குகிறது?

வீட்டுத் தண்ணீர்க் குழாயும் படகின் டியூபும் அடிப்படையில் ஒரே பிளாஸ்டிக். பி.வி.சி. இயல்பிலேயே விறைப்பானது. 1926-ல் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ சீமன் என்ற வேதியியலாளர், கொதிநிலை உயர்ந்த ஒரு திரவத்தில் அதைச் சூடாக்கியபோது, ஆறியபின் அது ரப்பர் போல வளைவதைக் கண்டார். அன்று முதல் பி.வி.சி.யை இளக வைக்க இப்படிப்பட்ட எண்ணெய்த் தன்மையுள்ள பொருளைக் கலக்கிறார்கள். பிளாஸ்டிசைசர் என்று பெயர். மென்மையான பி.வி.சி.யின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இதுவே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, பிளாஸ்டிசைசர் பி.வி.சி.யோடு வேதிப் பிணைப்பில் இல்லை என்பது. நீண்ட பி.வி.சி. இழைகளுக்கு நடுவே புகுந்து, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆகவே வாய்ப்புக் கிடைத்தால் மெல்ல வெளியேறும். வெப்பம் அந்த வேகத்தைக் கூட்டும். சன்ஸ்கிரீன், பெட்ரோல், கொசு விரட்டி மருந்து போன்றவை மேலே பட்டால், உள்ளிருக்கும் பிளாஸ்டிசைசரை அவை வெளியே உறிஞ்சும்.

வெயிலின் புற ஊதாக் கதிர் செய்வது வேறு வேலை. அது பி.வி.சி. இழையிலிருந்தே ஹைட்ரஜன் குளோரைடைப் பிரித்தெடுக்கிறது. மிஞ்சும் இழை முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். இப்படி மாறிப்போன இழை, பழையபடி பிளாஸ்டிசைசரைத் தன்னுள் வைத்துக்கொள்ளாது. வெளியே தள்ளும். தள்ளப்பட்டது மேற்பரப்பில் படலமாக நிற்கும். காற்றும் வெயிலும் பட்டு அதுவும் கெட்டியாகிப் பிசினாகும்.

ஒரே படகு மேலே ஒட்டிக்கொண்டும், மடிப்புகளில் விறைத்து வெடித்துக்கொண்டும் இருப்பது இதனால்தான். இரண்டும் முரண் அல்ல. உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்துவிட்டது. வெளியே வந்ததைத் துடைக்கலாம். திரும்ப உள்ளே செலுத்த எந்தத் திரவத்தாலும் முடியாது. பி.வி.சி.க்கு மீண்டும் உயிரூட்டும் என்று விற்கப்படும் எண்ணெய்ப் பூச்சுகள் சில நாள் பளபளப்பு தரும், அடுத்த படலத்துக்கு அடித்தளம் போடும்.

ஹைப்பலான் இப்படி மூப்படைவதில்லை. அது சுண்ணாம்பு போலப் பொடி விடும், நிறம் வெளுக்கும், கடைசியில் நெசவு தெரியும். ஹைப்பலான் படகு ஒட்டுகிறது என்றால், குற்றவாளி அநேகமாக மேலே தடவிய பாலிஷ் அல்லது இளகிய பசை.

விரல், வெள்ளைத் துணி, பத்து நிமிடம்

பிசுக்கு என்பதற்கும் பிசின் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விரல் நன்றாகச் சொல்லும். சோப்புத் தண்ணீரில் ஒரு கையகல இடத்தைக் கழுவித் துடைத்து, முழுக்கக் காயவிட்டுப் பிறகு சோதியுங்கள்.

கழுவியதும் ஒட்டல் பெரும்பாலும் போய்விட்டால் அது வெளியிலிருந்து வந்த பிசுக்கு: சன்ஸ்கிரீன், உடம்பு எண்ணெய், எஞ்சின் புகை, சிலிக்கான் பாலிஷ். நான்கில் இதுதான் நல்ல செய்தி.

கழுவியும் எண்ணெய் தொட்டது போல விரலில் வழவழப்பாக ஒட்டினால், ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு முறை துடையுங்கள். துணி மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஆகி, துடைத்த இடம் காய்ந்ததும் சாதாரணமாக இருந்தால், அது மேலே வந்த பிளாஸ்டிசைசர்.

ஒட்டல் படகு முழுவதும் இல்லாமல், ஒட்டுப்போட்ட இடங்களின் ஓரத்திலும், கைப்பிடி, கயிற்று வளையம், பக்கவாட்டு உராய்வுப் பட்டை ஆகியவற்றின் விளிம்பிலும் மட்டும் தேன் நிறத்தில் இருந்தால் அது பசை. பாலியூரித்தேன் பசை, வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வருடக் கணக்கில் மெல்லச் சிதைந்து இளகும். சூடான, ஈரமான கடற்கரைகளில் ஒட்டி இணைத்த பி.வி.சி. படகுகளின் இணைப்புகள் சீக்கிரம் விட்டுப்போவது இதனால்தான். வெப்பத்தால் உருக்கிச் சேர்த்த இணைப்புகளுக்கு இந்தக் கோளாறு இல்லை.

நான்காவது, துணியில் படகின் நிறமே இறங்குவது. ஆல்கஹால் துடைப்பிலேயே துணி சாம்பலாகி, அடுத்த துடைப்பிலும் அதற்கடுத்ததிலும் நிறம் விட்டுக்கொண்டே இருந்தால், நகத்தால் கீறினால் மெழுகு போல வழன்று வந்தால், மேற்பூச்சே சிதைந்துவிட்டது. இதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. துடைக்கத் துடைக்க மெலியும்.

ஒரே படகில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பது சாதாரணம். வெயில் பட்ட மேல்பகுதி ஒரு மாதிரியும், தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பகுதி வேறு மாதிரியும் இருக்கும். ஐந்தாறு இடங்களில் சோதித்துப் பாருங்கள்.

உழைப்பதற்கு முன் காற்றைச் சோதியுங்கள்

இரண்டு நாள் தேய்த்துச் சுத்தம் செய்தபின் இணைப்பு திறந்திருப்பது தெரிந்தால் வேலை வீண். சிறிய டிங்கியின் முக்கிய டியூபுகளுக்கு அழுத்தம் பெரும்பாலும் 0.25 பார், அதாவது 3.6 பி.எஸ்.ஐ. அளவு. உங்கள் படகுக்கான எண் டிரான்சம் பலகையில் (மோட்டார் மாட்டும் பின்பக்கப் பலகை) ஒட்டிய தகட்டில் இருக்கும்; அதுவே இறுதி. அந்த அழுத்தத்துக்கு அடித்து, நிழலில் 24 மணி நேரம் விடுங்கள்.

மறுநாள் அளக்கும்போது வெப்பநிலையையும் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் 0.25 பார் அடித்த டியூப், 30 டிகிரியில் 0.29 பார் காட்டும். பத்து டிகிரிக்கு 0.04 பார் ஏறும், குளிர்ந்தால் அதே அளவு இறங்கும். மாலையில் அடித்து அதிகாலையில் அளந்து "கசிகிறது" என்று முடிவு செய்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. முதல் நாள் அளந்த அதே நேரத்தில், அதே வெப்பநிலையில் அளக்க வேண்டும்.

உண்மையிலேயே குறைந்திருந்தால் சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் முதலில் வால்வுகளில் தடவுங்கள். கசிவுகளில் நிறைய அங்கேதான். ஒரு மணல் துகள் போதும். பிறகு இணைப்புகள், கடைசியாக டியூப் பரப்பு. வெளியே எங்கும் குமிழி வராமல் ஒரு அறை மட்டும் இளைத்தால், அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்பு கசியலாம். ஒரு அறையை மட்டும் நிரப்பி, பக்கத்து அறை தானாக உப்புகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். தடுப்பைப் பழுதுபார்க்க டியூபை வெட்டித் திறக்க வேண்டும்; பழைய பி.வி.சி. படகில் அது அநேகமாகச் செலவுக்குப் பெறாது. நீண்ட இணைப்பு முழுக்க விரல் நுழையும் அளவு விட்டிருந்தாலும் அதே கதைதான்.

கழுவுதல்

படகை முக்கால்வாசி அழுத்தத்தில் நிறுத்துங்கள். மடிப்புகள் விரியும், வால்வு மூடியிருப்பதால் தண்ணீர் உள்ளே போகாது. கழற்ற முடிந்த தரைப்பலகை, இருக்கை, கயிறு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். டியூபும் அடித்துணியும் சேரும் இடுக்கில் மணல் நிச்சயம் இருக்கும். தண்ணீர் பாய்ச்சி வெளியேற்றுங்கள். அந்த மணல்தான் நீங்கள் உள்ளே நடக்கும்போதெல்லாம் உப்புத்தாளாக வேலை செய்தது.

10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 30 மில்லி பாத்திரம் கழுவும் திரவ சோப். அதற்கு மேல் வேண்டாம். நுரை அதிகமானால் அலச முடியாமல் சோப்பே படலமாகும். மென்மையான நைலான் பிரஷ் அல்லது ஸ்பாஞ்சு. நிழலில், ஒரு பக்கமாகத் தொடங்கி, காய்வதற்குள் அலசிக்கொண்டே போங்கள். பச்சை நிறச் சொரசொரப்பு ஸ்க்ரப் பேட் பி.வி.சி.க்கு ஆகாது. அது மேல் வழவழப்பைக் கீறிவிடும், அடுத்த அழுக்கு அந்தக் கீறலுக்குள் குடியேறும். பொடி விடும் ஹைப்பலானில் மட்டும் மெல்லிய பேடால் இலேசாகத் தேய்க்கலாம். உயர் அழுத்தத் தண்ணீர்ப் பீச்சி எந்தப் படகுக்கும் வேண்டாம். விளிம்பு இலேசாகத் தூக்கியிருக்கும் ஒட்டுகளை அது பெயர்த்துவிடும்.

கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் இருந்தால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி, 15 நிமிடம் விட்டு அலசுங்கள். குளோரின் பிளீச்சைத் தவிருங்கள். அது தையல் நூலையும் பசையையும் பலவீனமாக்கும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயுவையும், அம்மோனியா கலந்த சுத்திகரிப்பானோடு சேர்ந்தால் குளோரமைன் வாயுவையும் தரும்.

முழுக்கக் காய வேண்டும். ஈரத்தின்மேல் ஆல்கஹாலோ கரைப்பானோ துடைத்தால் அழுக்கு இடம் மாறும், போகாது.

கரைப்பான் துடைப்பு: இங்கேதான் படகுகள் கெடுகின்றன

முதல் படி எப்போதும் ஐசோபுரொபைல் ஆல்கஹால், 70 சதவீதமோ அதற்கு மேலோ. அது பிசுக்கையும் மேலே நிற்கும் பிளாஸ்டிசைசரையும் எடுக்கும், பி.வி.சி.யை உடனே இளக்காது. 2.7 மீட்டர் நீளப் படகின் டியூப் பரப்பு சுமார் 8 சதுர மீட்டர். 30 சென்டிமீட்டர் சதுரமாகப் பிரித்தால் ஏறத்தாழ 90 கட்டங்கள். ஒன்று முதல் இரண்டு லிட்டர் ஆல்கஹாலும், நாற்பது ஐம்பது வெள்ளைப் பருத்தித் துணித் துண்டுகளும் எடுத்து வையுங்கள். துணியில் கஞ்சம் பிடித்தால் வேலை கெடும். அழுக்கான துணி, ஒரு கட்டத்தில் எடுத்த பிசினை அடுத்த கட்டத்தில் பூசிக்கொண்டே போகும். சாயத்துணி வேண்டாம், கரைப்பானில் அந்தச் சாயம் இறங்கிப் படகில் ஏறும்.

துணியை நனைத்துப் பிழிந்து, ஒரே திசையில் இழுத்துத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். பின்னாலேயே இன்னொரு கையில் உலர்ந்த துணி வர வேண்டும்: ஈரத்துணி கரைக்கிறது, உலர்துணி எடுக்கிறது. இந்த இரண்டாம் துணிதான் வேலையைச் செய்வது. அது இல்லாவிட்டால் கரைந்தது அங்கேயே காய்ந்து மறுபடி ஒட்டும். ஒவ்வொரு இரண்டு கட்டத்துக்கும் துணியின் புது முகத்தைத் திருப்புங்கள்.

ஆல்கஹாலில் இரண்டு சுற்று முடிந்தும் பிசின் மிஞ்சினால் மட்டுமே அடுத்த படி. பி.வி.சி.க்கு அசிட்டோன் அல்லது எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பான்); ஹைப்பலானுக்கு டொலுவீன். இவை வலுவானவை. அசிட்டோனும் எம்.இ.கே.யும் பிசினை மட்டுமல்ல, அதன் கீழுள்ள பி.வி.சி.யையும் இளக்கும். அதனால் ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு இழுப்பு, உடனே உலர்துணி, பிறகு பத்து நிமிடம் கை வைக்காமல் இருக்க வேண்டும். எம்.இ.கே. பட்ட பி.வி.சி. முதல் சில நிமிடம் இயல்பாகவே ஒட்டும். திரவம் ஆவியானதும் அது போய்விடும். இது தெரியாமல் "இன்னும் ஒட்டுகிறதே" என்று மறுபடி துடைப்பவர்கள், நல்ல பூச்சையே உரித்தெடுக்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். துணியில் நிறம் தொடர்ந்து இறங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

இணைப்பு விளிம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்தப் பட்டைக்குள் கரைப்பான் போகாமல் பாருங்கள். விளிம்புக்கு அடியில் ஊறும் ஒரு சொட்டு, உள்ளிருக்கும் நல்ல பசையை இளக்கி, சும்மா இருந்த இணைப்பைத் திறந்துவிடும். அந்தப் பட்டையை ஆல்கஹாலால் மட்டும் துடைக்கலாம். அச்சிட்ட எழுத்து, பதிவு எண், பிளாஸ்டிக் வால்வு, கைப்பிடி இவற்றையும் மூடுங்கள். எழுத்து அழியும், சில பிளாஸ்டிக்குகள் அசிட்டோன் பட்டதும் வலைபோல் வெடிக்கும்.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எல்லாமே எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும். பெட்ரோல் கூடுதலாகப் பிளாஸ்டிசைசரையும் இழுக்கும். தொடக்கத்தில் சொன்ன மறுநாள் ஒட்டலின் காரணம் இதுதான்.

பாதுகாப்பில் சலுகை கிடையாது. அசிட்டோனின் தீப்பற்று வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி அளவில், எம்.இ.கே.க்கு மைனஸ் 9, டொலுவீனுக்கு சுமார் 4 டிகிரி. அதாவது சாதாரண நாளில் மூடியைத் திறந்த கணமே தீப்பற்றும் ஆவி இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் குழிவான உள்பகுதியில் தொட்டித் தண்ணீர் போலத் தேங்கும், நீங்கள் அதற்குள் குனிந்து வேலை செய்வீர்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். அருகில் அடுப்பு, சிகரெட், சுவிட்சு, ஓடும் மோட்டார் கூடாது. துணி முகக்கவசமும் தூசிக் கவசமும் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ் பொருத்திய கவசம் வேண்டும். நீல நைட்ரைல் கையுறை ஆல்கஹாலுக்குச் சரி, அசிட்டோனும் எம்.இ.கே.யும் அதைச் சீக்கிரம் ஊடுருவும். அவற்றுக்குப் பியூட்டைல் ரப்பர் கையுறை. நனைந்த துணிகளைக் குவிக்காமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். மிச்சத் திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

இளகிய பசை

இதைக் கரைப்பானால் தொடங்கினால் தேன் போலப் பரவி, கையளவு இடம் முழங்கையளவாகும். முதலில் வெப்பம். முடி உலர்த்தியால் 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுங்கள். மிஞ்சுவதைக் கட்டைவிரலால் உருட்டினால் சிறு உருண்டைகளாகத் திரளும். பென்சில் அழிக்கும் ரப்பர்த் துண்டும் நன்றாக வேலை செய்யும். இப்படி முக்கால்வாசி எடுத்தபின், படகு ஆறியபிறகு, கரைப்பான் துணி. சூடும் கரைப்பானும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

பட்டையையோ கைப்பிடியையோ திரும்ப ஒட்டுவதாக இருந்தால், பழைய பசை ஒரு துளி மிஞ்சினாலும் புதியது அதன்மேல்தான் ஒட்டும், படகின்மேல் ஒட்டாது. பி.வி.சி.க்கு இரண்டு பகுதிப் பாலியூரித்தேன் பசை. ஹைப்பலானுக்கு இரண்டு பகுதி நியோப்ரீன் பசை. மாற்றி ஒட்டினால் சில வாரத்தில் தோலாக உரியும். சைக்கிள் டியூப் பஞ்சர் பசை, சூப்பர் க்ளூ, சிலிக்கான் சீலன்ட் மூன்றும் உதவாது. சிலிக்கான் ஒரு முறை பட்ட இடத்தில் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது.

ஓட்டைக்கு ஒட்டுப்போடும்போது துண்டு எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக, மூலைகள் வட்டமாக இருக்கட்டும். கூர்மூலைதான் முதலில் தூக்கும். வெப்பநிலை 18 முதல் 25 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ். ஈரப்பதம் ஏன் முக்கியம் என்றால், பசையிலுள்ள திரவம் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் பசையின்மேல் படியும். அழுத்தி ஒட்டியதும் பார்வைக்குச் சரியாக இருக்கும், முதல் வெயிலில் விட்டுப்போகும். கெட்டிப்படுத்தும் திரவத்தைப் பசை டப்பாவில் சொன்ன விகிதத்தில் எடைபோட்டுக் கலக்குங்கள். திறந்து பல மாதம் வைத்த பாட்டில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிருக்கும். இரு பக்கமும் இரண்டு மெல்லிய பூச்சு. முதல் பூச்சு காய அரைமணி. இரண்டாவது, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் நிலையில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி உருளையால் அழுத்தம். 24 மணி நேரம் காற்றடிக்கக் கூடாது. முழு அழுத்தத்துக்கு ஒரு வாரம் பொறுப்பது நல்லது.

திரும்பி வரும் ஒட்டல்

சுத்தம் செய்த படகை இரண்டு வாரம் நிழலில் விட்டு, டிஷ்யூ தாளை அழுத்தி எடுத்துப் பாருங்கள். இழை ஒட்டாமல் வந்தால் வேலை முடிந்தது. இலேசாக ஒட்டினால் உள்ளிருந்து இன்னும் பிளாஸ்டிசைசர் வந்துகொண்டிருக்கிறது. சோப்பும் ஆல்கஹாலும் கொண்டு மறுபடி ஒரு சுற்று. ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டு வந்தால் தொடரலாம். முன்பு போலவே திரும்பினால், அந்தப் படகு நான்காம் வகைக்குள் போய்விட்டது.

இடைக்காலத்துக்கு டால்கம் பவுடர் கைகொடுக்கும். மெல்லிய துணியில் தட்டிப் பூசி, உதிர்வதைத் தட்டிவிட்டால் ஒட்டாமல் சுருட்டலாம். இது மூடி மறைப்பதுதான், குணப்படுத்துவது அல்ல. மாவுச்சத்துப் பவுடர்களைப் போடாதீர்கள். ஈரம் பட்டதும் பூஞ்சணத்துக்குத் தீனியாகும்.

நான்காம் வகைக்குப் பலர் பெயின்ட்டைத் தேடுவார்கள். சாதாரண எனாமலும் ஸ்ப்ரே பெயின்ட்டும் பி.வி.சி. மேல் தோற்றுப்போகும். கீழிருந்து வரும் பிளாஸ்டிசைசர் பெயின்ட்டுக்குள்ளும் புகுந்து, அது காயாமலே ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது டியூப் வளையும்போது செதிலாக உதிரும். காற்றுப் படகுக்கென்றே செய்த நெகிழும் பூச்சு உண்டு. அதையும் 10 சென்டிமீட்டர் சதுரத்தில் பூசி, வெயிலில் ஒரு மாதம் விட்டுப் பார்த்தபிறகே முழுப் படகுக்கு. பூசும்போது முழு அழுத்தம் இருக்க வேண்டும். தளர்ந்த டியூபில் பூசினால், காற்றடித்ததும் பூச்சு வெடிக்கும். ஹைப்பலானில் இந்தப் பூச்சு நல்ல பலன் தரும். ஒட்டும் பி.வி.சி.யில் எங்கள் முதல் தேர்வு பெயின்ட் அல்ல, உறை. வெயில் தாங்கும் கெட்டித் துணியில் டியூபின் வடிவத்துக்குத் தைத்து மாட்டினால், கை ஒட்டாது, புற ஊதாக் கதிரும் அடையாது; பிறகு கழற்றித் துவைக்கலாம். நெசவு நூல் பல இடத்தில் வெளியே தெரிந்து, டியூப் பரப்பே குமிழி விட்டால் உறையும் உதவாது. அந்தப் படகில் ஆழமான தண்ணீருக்குப் போகக் கூடாது.

மறுபடி ஒட்டாமல் இருக்க

சுத்தமான பரப்பில் நீர் அடிப்படையிலான புற ஊதாப் பாதுகாப்புப் பூச்சு, மெல்லியதாக, பயன்படுத்தும் பருவத்தில் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. சிலிக்கான் எண்ணெய் கலந்த கார் டேஷ்போர்டு பாலிஷ் வேண்டாம். தூசியைப் பிடிக்கும், பிறகு ஒட்டுப்போடவும் விடாது. எந்தப் பூச்சானாலும் கால் வைக்கும் தரையிலும் உட்காரும் இடத்திலும் தடவாதீர்கள், வழுக்கும்.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிட்டு, இறுக்கி மடிக்காமல் தளர்வாகச் சுருட்டுங்கள். சுற்றுகளுக்கு நடுவே பழைய பருத்தித் துணி. பாலித்தீன் தாளில் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும். டயர், தெர்மாகோல், ரப்பர் விரிப்பு, வேறு பிளாஸ்டிக் பொருள்கள் மேல் வைக்காதீர்கள். பிளாஸ்டிசைசர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், படகில் கறுப்புக் கறையும் தெர்மாகோலில் உருகிய பள்ளமும் மிஞ்சும். இடம் இருந்தால், சுருட்டுவதைவிட இலேசாகக் காற்று நிரப்பி, தரை படாமல் நிழலில் வைப்பதே நல்லது. எலி நுழையாத இடமாகப் பாருங்கள்.